மஹியேயின் ரத்தம்

ஷபானைச் சுட்டது ஒரு மடைத் தண்ணீருக்காக. அன்றைய முறை தன் வீட்டுடையது என்று ஷபான் சொன்னான். தன்னுடையது என்று ஸெனெல் சொன்னான். முதலில் மண்வெட்டியை ஓங்கியது ஷபான்தான் என்று எங்கள் லிஸ்னா ஊரில் இன்றும் சிலர் சொல்வார்கள். ஓங்கிய மண்வெட்டி இறங்குவதற்குள் ஸெனெலின் துப்பாக்கி வெடித்துவிட்டது. மேட்டில் மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்த மஹியே ஓடி வந்தபோது கணவன் வாய்க்காலில் குப்புறக் கிடந்தான். தண்ணீர் அவன்மேல் ஏறிச் சிவந்து, அவள் நட்ட நாற்றுக்கே போய்ப் பாய்ந்தது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கைக்குழந்தை இல்பெர் தொட்டிலில் பசித்து அழுதுகொண்டிருந்தான்.

மாமனார் தாஹிர் அழவில்லை. மகனுடைய சட்டையைக் கழற்றினார். அதைத் துவைக்கக் கொடுக்காமல் ஆண்கள் கூடத்தின் உத்தரத்தில் தொங்கவிட்டார். கறை மஞ்சளாகத் திரும்பினால் செத்தவன் பழி கேட்கிறான் என்று பொருள். அந்தக் கூடத்துக்குக் காபி கொண்டுபோகிறபோதெல்லாம் மஹியே தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்தாலும் தெரியும். காற்றடித்தால் சட்டையின் கை ஆடும்.

எங்கள் பக்கத்தில் மனித உறவை இரண்டு மரமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அப்பன் வழி ரத்த மரம். அம்மா வழி பால் மரம். பெயரும் நிலமும் பழியும் ரத்த மரத்துக்குச் சொந்தம். பெண் எந்த வீட்டு ரத்தத்திலும் சேர மாட்டாள். அதனால் பழிக்காக அவளை யாரும் சுடுவதில்லை. அதனாலேயே அவளை யாரும் எதுவும் கேட்பதுமில்லை. கணவன் செத்த அன்று முதல், பழி வாங்கும் கடன் தொட்டிலில் கிடந்த இல்பெருக்கு வந்து சேர்ந்தது. மஹியேக்கு எதுவும் வந்து சேரவில்லை.

ஸெனெல் தன் கல்கோபுர வீட்டுக்குள் அடைந்துகொண்டான். வெளியே வந்தால் சாவு. அவன் மனைவி ஹத்மானே தனியாக உழுதாள், தனியாக அறுத்தாள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மஹியே தனியாக உழுதாள். இரண்டு பெண்களும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹத்மானேயின் மகன் கனியும் இல்பெரும் ஒரே பள்ளிக்கூடத்தில், வேறுவேறு பெஞ்சில் படித்தார்கள்.

இல்பெர் வளர்ந்து மீசை அரும்பியதும் கூடத்தில் பெரியவர்களோடு உட்காரத் தொடங்கினான். ஒரு நாள் தாஹிர் பேரனுக்குக் காபியை நேராகக் கொடுக்கவில்லை. முழங்காலைத் தூக்கி, அதற்கடியில் கோப்பையை நீட்டினார். பழி தீர்க்காத ஆணுக்கு அப்படித்தான் கொடுப்பது. கூடமே பார்த்தது. பையன் அந்தக் காபியைக் குடித்தான். அன்று மாலை கொட்டகையில் கோடாரியால் ஒரு மரக்கட்டையை அது சக்கையாகும்வரை வெட்டினான். மஹியே கதவோரம் நின்று பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவன் கொல்வான், பிறகு கனி இவனைக் கொல்வான்.

அவள் வாழ்நாள் முழுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை தனக்குப் பின்னால் சாக வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டில்தான் அந்த இயக்கம் எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன்னும் முயன்றவர்கள் உண்டு. இமாம்கள் கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். ஆளும் கட்சி ஆட்கள் சிறை என்று மிரட்டினார்கள். சிறைக்குப் போனவன் திரும்பி வந்ததும் வாசலிலேயே சுடப்பட்டான். இந்த முறை வந்தவர்கள் வேறு. அரசு நம் எல்லாருடைய கழுத்திலும் கால் வைத்திருக்கும்போது நாம் நம்மையே கொன்றுகொண்டிருக்கிறோமே என்று சிறையிலிருந்து வெளிவந்த மாணவர்கள் ஆரம்பித்தது. ஆசிரியர்கள் சேர்ந்தார்கள், சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். பழி நிலுவையில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், செத்தவனின் ரத்தத்தை மன்னிக்கும்படி கேட்டார்கள். விரட்டினால் மறுபடி போனார்கள். கூட்டம் கூடக் கூடாதென்று போலீஸ் தடை போட்டதும், கல்யாணக் கோஷ்டி போல மேளம் தட்டிக்கொண்டு வந்தார்கள். மலைச்சரிவுகளில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் கொலைகாரனும் செத்தவனின் தகப்பனும் கை கொடுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய மீசைக்காரர்கள் குழந்தைபோல அழுததையும் பார்த்திருக்கிறேன்.

தாஹிர் இரண்டு முறை அவர்களைத் துரத்தினார். மூன்றாம் முறை வந்த கூட்டத்தில் மெரிதா என்ற பெண் இருந்தாள். பிரிஷ்தினா நகரத்தில் உயிரியல் படிப்பவள். ஆண்கள் கூடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று தாஹிர் கேட்டார். ரத்தத்தைப் பற்றிப் பேச்சு என்றார்கள், நான் படிப்பது அதைத்தான் என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முன்னால் அவள் காபித் தட்டை இழுத்து, அதில் தீக்குச்சிகளை ஏணி மாதிரி அடுக்கினாள். மனித உடம்பின் ஒவ்வொரு துளிக்குள்ளும் இப்படி ஒரு ஏணி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு. நம் நிறம், மூக்கு, பல் எல்லாம் அதன் படிகளில் எழுதியிருக்கிறது. ஏணிக்கு இரண்டு கால். ஒன்று ரத்த மரம், இன்னொன்று பால் மரம். படிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு காலை வெட்டினால் மற்றது நிற்காது. இப்படிச் சொன்னாள்.

தாஹிர் குச்சிகளைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப என் பேரனுக்குள்ள பாதி ஏணி என் மருமகளோடதா?”

“ஆமா பெரியவரே.”

“மேல் பாதியா, கீழ்ப் பாதியா?”

கூடம் குலுங்கிச் சிரித்தது. பக்கத்துப் பாதி என்று மெரிதா சொன்னது சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் காபிப் பாத்திரத்தோடு நின்றிருந்த மஹியேக்கு மட்டும் கேட்டது. தன் பிள்ளைக்குள் தனக்கென்று ஒரு பால் கால் உண்டு என்பதை அவள் அன்று மனதில் எழுதிக்கொண்டாள். அந்தப் பெண் கிழவர்களுக்குப் புரியட்டுமென்று எளிமையாக்கிச் சொன்ன அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு ரத்தம் குடிக்கப் போகிறதென்று அங்கிருந்த யாருக்குத் தெரியும்?

தாஹிரின் மனம் ஏணியில் இளகவில்லை. வழக்கப்படி ஸெனெலைக் கொண்டு வந்து நிறுத்துங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஸெனெல் வந்தான். பதினேழு வருடம் வெயில் படாத முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன, கழுத்தில் ஷபானைச் சுட்ட அதே துப்பாக்கி தொங்கியது. அவன் முற்றத்தில் மண்டியிட்டபோது, யாரும் எதிர்பாராமல் இல்பெர் மாட்டுக் கொட்டகையிலிருந்து கைத்துப்பாக்கியோடு வந்தான். மாணவர்கள் அலறி விலகினார்கள். பையன் ஸெனெலின் நெற்றிக்குக் குறி வைத்தான்.

மஹியே கூடத்துப் படியிலிருந்து இறங்கி ஓடினாள். தலையிலிருந்த வெள்ளைத் துணியை உருவி, மகனுக்கும் ஸெனெலுக்கும் நடுவில் வீசினாள். ஒரு பெண்ணின் தலைத்துணி தரையில் விழுந்தால் அதைத் தாண்டி ஆண் ஆயுதம் ஓங்கக் கூடாது. இல்பெரின் கை இறங்கியது. அந்த வீட்டு மருமகளின் நரைத்த தலையைத் தாஹிர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். முப்பத்தொன்பது வயதில் முழுக்க நரைத்திருந்தது.  கிழவர் ஸெனெலின் கட்டை அவிழ்த்து, முகத்தைப் பார்க்காமல் கை நீட்டினார். மகனின் ரத்தத்தை மன்னித்துவிட்டதாக, இளைஞர்களின் பேரில், மண்ணின் பேரில் சொன்னார். அன்றே உத்தரத்திலிருந்த ஷபானின் சட்டையை இறக்கி மண்ணில் புதைத்தார்கள்.

மஹியேயின் சம்மதத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை பிழைத்தான், அது போதும்.

ஒன்பது வருடம் பிழைத்தான்.

போர் நடந்த தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் அரசின் ஆயுதக்காரர்கள் முகமூடி போட்டு லிஸ்னாவுக்குள் வந்தார்கள். வீடு வீடாகக் கதவை உதைத்தார்கள். தாஹிர் வெள்ளைத் தொப்பியோடு வாசலுக்கு வந்து, வீட்டுக்கு மூத்தவன் நான், பேச வேண்டியதை என்னிடம் பேசுங்கள் என்றார். அவர் வாய்க்குள்ளேயே சுட்டார்கள். உடம்பை இழுத்து எரியும் வைக்கோல் போரில் எறிந்தார்கள். மஹியே நெருப்புக்குள் கைவிட்டு மாமனாரின் காலைப் பிடித்து இழுத்தாள். அவள் உள்ளங்கைத் தோல் அவருடைய செருப்போடு ஒட்டி உரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது இல்பெரை லாரியை நோக்கித் துப்பாக்கிக் கட்டையால் அடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் “அம்மா, உள்ள போ” என்றான். அவள் காதில் விழுந்த கடைசிச் சொல் அது.

பெண்களை மலை தாண்டி விரட்டினார்கள். கோடையில் நாங்கள் திரும்பி வந்தபோது ஊர் கரியாக இருந்தது. கொண்டுபோன ஆண்களில் ஒருவரும் இல்லை. அன்று ஊரிலிருந்த ஆண்களில் ஸெனெல் மட்டும் உயிரோடு இருந்தான்; மற்றவர்கள் வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பியவர்கள். அன்று காலை அவன் பாலத்தருகே ஆயுதக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். அவன் மகன் கனியும் லாரியில்தான் போனான். ஆனாலும் ஊர் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஸெனெல் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மஹியே உயிரோடு இருந்ததற்கு இப்போது ஒரே காரணம்தான். பிள்ளையின் எலும்பு கிடைக்க வேண்டும். அதைக் கழுவிப் புதைக்க வேண்டும்.

சில வருடங்களில் எல்லைக்கு அப்பால், பிணங்களை மொத்தமாகப் புதைத்திருந்த ஒரு பெரிய குழியைத் தோண்டித் திறந்தார்கள். எலும்புகள் பைபையாகத் திரும்பி வந்தன. யார் யாருடையது என்று கண்டுபிடிக்க உறவினர்களின் ரத்தம் வேண்டுமென்று பேயா நகரத்திலிருந்து ஒரு வண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. விரலில் ஊசியால் குத்தி, நாலைந்து சொட்டை ஓர் அட்டையில் ஒற்றிக்கொள்வார்கள். எலும்புக்குள்ளிருக்கும் ஏணியையும் அட்டையிலிருக்கும் ஏணியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வண்டியோடு வந்தவர்கள் மஹியேயின் கேட்டைத் தட்டினார்கள். அவள் வெளியே வந்து, “இந்த வீட்ல ரத்தம் இல்ல. எல்லாரும் போயாச்சு” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். துக்கத்தில் மறுக்கிறாள் என்று நினைத்து அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அவள் மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது ரத்தம். அவளிடம் இருந்தது பால். மெரிதா சொன்ன ஏணியின் அந்தக் காலை வைத்து எப்படி ரத்தத்தை ஒப்பிடுவார்கள்? அதனால் ரத்த மரத்தில் மிச்சமிருந்த ஒரே ஆணிடம் போய்க் கெஞ்சினாள். அவன் பெயர் ரெஜே. தாஹிரின் கொள்ளுப்பாட்டனுக்கும் அப்பால் எங்கோ பிரிந்த பங்காளி. தாஹிருக்குப் பிறகு தானே குலத்துக்குத் தலைவன் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். பெருமையோடு போய் விரலை நீட்டினான். அங்கிருந்த நர்ஸ், காணாமல் போனவருக்கு அம்மா இல்லையா என்று கேட்டாளாம். திரும்பி வந்து கூடத்தில் அதைத்தான் வேடிக்கையாகச் சொன்னான்.

“நான் சொன்னேன், ‘அம்மா இருக்கா, அவ எதுக்கு? நாங்க ரத்தம் தேடறோம், பாலா தேடறோம்?’ன்னு. அந்தப் பொண்ணு மூஞ்சிய பாக்கணுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். மஹியேயும் அவன் சொன்னது சரிதான் என்று நினைத்தாள்.

ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகப் பெட்டியில் வந்தார்கள். கனி வந்தான். இல்பெர் மட்டும் வரவில்லை. ரெஜேயின் ரத்தம் எந்த எலும்போடும் சேரவில்லை என்று பதில் வந்தது. ரெஜே அதற்கு ஒரு கணக்குப் போட்டான். தன் ரத்தம் தப்பாக இருக்க முடியாது. ஆகவே இல்பெர் அந்தக் குழியிலேயே இல்லை. ஒரே லாரியில் ஏற்றியவன் குழியில் இல்லையென்றால் வழியில் அவனைத் தனியாக இறக்கிக் கொன்றிருக்கிறார்கள். ஏன் அவனை மட்டும்? பாலத்தில் ஸெனெல் என்ன பேசினான்?

“மன்னிச்சது உன் மாமனாரு. ஸெனெல் மன்னிக்கலையோ என்னவோ. பதினேழு வருஷம் இருட்டுல கெடந்தவன், மஹியே. கை காட்டி விட்டுட்டான்” என்று அவன் சொன்னான்.

 அன்று முதல் மஹியேக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைத்துணியை வீசி அன்று காப்பாற்றியது யாரை? தன் பிள்ளையைக் கொன்றவனையா? அந்த நினைப்பு அவள் நெஞ்சைக் கரையான் மாதிரி அரித்தது. மகன் சாகக் கூடாதென்று வாழ்ந்தவள், ஒருவன் சாக வேண்டும் என்று வாழத் தொடங்கினாள். தாஹிரின் பழைய கைத்துப்பாக்கி காலியான தேன்கூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துத் துடைத்தாள்.

ஸெனெல் தன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பிளம் மரங்கள் பூத்திருந்தன. மஹியே திறந்த கேட் வழியாக நேராக நடந்து வந்தாள். அவன் நிமிர்ந்தான். அவள் கையில் இருப்பதைப் பார்த்தான். கோடாரியை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை. கோடாரியைக் கீழே வைத்தான். அவள் சுட்டாள். குண்டு தொடைச் சதையைக் கிழித்துக்கொண்டு போனது. அவன் விறகுக் குவியலின்மேல் சாய்ந்தான். அவள் அருகே போய் நெற்றிக்குக் குறி வைத்து மறுபடி விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

அப்பம் சுட்டுக்கொண்டிருந்த ஹத்மானே, அடுப்பின் இரும்பு மூடியோடு ஓடி வந்தாள். கனல் ஒட்டியிருந்த அந்த மூடியால் மஹியேயின் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் தெருவில் நின்ற எங்களுக்கே கேட்டது. துப்பாக்கி விழுந்தது. மஹியே இடது கையால் அதைத் தேடினாள். ஹத்மானே அவள் தலைமுடியைப் பிடித்து மண்ணில் தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து அழுத்தினாள். இரண்டு கிழவிகளும் ஸெனெலின் ரத்தத்தில் புரண்டார்கள். கடித்தார்கள், பிறாண்டினார்கள். விலக்கப் போன எங்களை ஸெனெல்தான் தடுத்தான். “விடுங்க. முப்பது வருஷமா ஒருத்திக்கொருத்தி பேசினதில்ல. இப்பவாவது பேசட்டும்” என்றான்.

“என் பிள்ளைய வித்துட்டான் உன் புருஷன்” என்றாள் மஹியே.

ஹத்மானேயின் பிடி தளர்ந்தது. அவள் எழுந்து கணவனிடம் போனாள். தன் தலைத்துணியை அவிழ்த்து, அவன் தொடையைச் சுற்றி இறுக்கிக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை.

“பாலத்துல அவரு என்ன பேசினாருன்னு கேளு. ரெண்டு பையனையும் விட்டுட்டு என்னைக் கொண்டு போங்கன்னாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேட்டாரு. துப்பாக்கிக் கட்டையால வாயில அடிச்சாங்க. அன்னையிலேருந்து ரொட்டிய ஊற வச்சுத்தான் திங்கறாரு. வாயத் தொறந்து காட்டுங்க.”

ஸெனெல் காட்டவில்லை. ஹத்மானே மேலும் சொன்னாள்.

“என் கனிய குடுக்கும்போது கையில கம்பி இருந்துச்சு. ரெண்டு ரெண்டு பேரா கட்டியிருக்காங்க. அந்தக் கம்பியில இன்னொரு கையும் இருந்துச்சு, மஹியே. அத அவுத்து வேற பையில போட்டு நம்பர் ஒட்டினாங்க. இது யாரோடதுன்னு கேட்டேன். தெரியலம்மா, இவருக்குச் சொந்தம்னு யாரு ரத்தமும் சேரலன்னாங்க. உன்கிட்ட சொல்லணும்னு ஒரு தடவ உன் கேட்டுக்கு வந்தேன். நீ தொறக்கல.”

“ரெஜே குடுத்தானே.”

“ரெஜே யாரு? உன் வயித்துல அவனா கெடந்தான்?”

“நீ யாரு ரத்தத்தக் குடுத்த?”

“என்னோடத. அவரும் குடுத்தாரு. ரெண்டு பேரும் வாங்கன்னு கூப்ட்டாங்க, போனோம். தாயோடத விட்டுட்டு வேற யாரோடத எடுப்பாங்க?”

மஹியே தரையில் உட்கார்ந்தபடியே ஒடிந்த கையைப் பார்த்தாள். அதில் வழிந்தது ஸெனெலுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை.

ஸெனெல் போலீசிடம், தன் பழைய துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்றான். ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவனைக் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் சிறையில் வைத்துப் பிறகு வெளியே விட்டார்கள். மஹியே கையில் மாவுக்கட்டோடு பேயாவுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் கூடப் போனேன். ரெஜேயின் ரத்தத்தை எடுத்த அதே நர்ஸ், லூமே, இடது கை விரலில் குத்தினாள். சொட்டுகள் அட்டையில் சிவப்பாகப் பரவியதை மஹியே அதிசயம்போலப் பார்த்தாள்.

“ஏணியில எனக்கு ஒரு கால்தானே மகளே இருக்கு? பால் கால். அது போதுமா?” என்று கேட்டாள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்படி இல்லக்கா. ஒரு கால் அப்பாவோடது, ஒரு கால் அம்மாவோடதுன்னு யாரோ தப்பா சொல்லிட்டாங்க. ஏணியே ரெண்டு கட்டு. அப்பா ஒரு கட்டு முழு ஏணி குடுக்கறாரு. அம்மா ஒரு கட்டு முழு ஏணி குடுக்கறா. உங்க ஏணிக்கு ரெண்டு காலும் உங்களோடது, படியும் உங்களோடது. உங்க பையன் எலும்புல சரிபாதி நீங்கதான். அந்த மீசைக்காரரு எட்டு தலைமுறைக்கு அந்தப் பக்கம். அவரோடத வச்சு உங்க பையன் எலும்பு எதுன்னு சொல்ல முடியாது.”

 இந்த வீட்டில் ரத்தம் இல்லை என்று சொன்ன தன் வாயிலேயே மஹியே மாவுக்கட்டுப் போட்ட கையால் ஓங்கி அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். லூமேயும் நானும் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்தோம். பிள்ளை பிணவறையில் நம்பரோடு கிடந்த வருடங்களையெல்லாம் அவள் அந்தக் கையால் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள்.

கம்பியின் இன்னொரு நுனியிலிருந்த கை இல்பெருடையதுதான். மண்டையோட்டில் பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு பெரிய துளை. மணிக்கட்டு எலும்பில் கம்பி அறுத்த கோடு. மஹியே ஒவ்வோர் எலும்பையும் துணியால் துடைத்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாலாட்டு மாதிரி ஏதோ முனகினாள். எங்களால் அங்கே நிற்க முடியவில்லை.

அவனைக் கனிக்குப் பக்கத்தில் புதைத்தோம். துக்கம் கேட்க ஊர் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்தது. ஸெனெல் ஊன்றுகோலோடு வந்து கடைசியில் உட்கார்ந்தான். அப்போது ரெஜே தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலுவையில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். சுட்டது பெண். பெண்ணுக்கு ரத்தக் கணக்கு கிடையாது. அவள் செய்ததற்குப் பிறந்த வீட்டு ஆண்கள் பதில் சொல்ல வேண்டும், அவர்களில் யாரும் மிச்சமில்லை. ஸெனெலும் தலையசைத்து, தனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை என்றான். விஷயம் முடிந்ததென்று எல்லோரும் புகையிலைப் பெட்டியைத் தேடினார்கள்.

கதவு திறந்தது. மஹியே உள்ளே வந்து ஆண்களின் நடுவில் நின்றாள்.

“யாரக் கேட்டு முடிச்சீங்க? சுட்டது நான்.”

ரெஜே எழுந்தான். “ஆம்பளைங்க கூடத்துல...”

“உன் ரத்தத்த அங்க யாரும் சீண்டல ரெஜே. உக்காரு.”

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ரெஜே உட்கார்ந்தான். அவள் ஸெனெலைப் பார்த்துப் பேசினாள்.

“என் விரல்ல எடுத்த ரத்தத்துலதான் என் பையன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு நான் ரத்தம்னா உனக்கும் ரத்தம்தான். பொம்பளன்னு என்ன விட்டுத் தள்ளாத. மன்னிக்கறதா இருந்தா என் பேரச் சொல்லி மன்னி. இல்லன்னா வாசல்ல போய் நிக்கறேன், வந்து சுடு.”

ஸெனெல் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“கொல்லத்தான் வந்தியா, பயமுறுத்தவா?”

“கொல்லத்தான். ரெண்டாவது வெடிச்சிருந்தா உன்னத்தான் இன்னைக்குப் பொதச்சிருப்பாங்க.”

அவன் ஊன்றுகோலைப் பற்றி எழுந்தான். எழுந்ததும் வழக்கப்படி கூடத்திலிருந்த எல்லோரும் எழ வேண்டியதாயிற்று. மஹியே என்ற பெயரைச் சொல்லி, அவள் சிந்திய தன் ரத்தத்தை மன்னித்ததாகச் சொன்னான். மாவுக்கட்டுப் போட்ட அவள் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். கதவோரத்தில் நின்றிருந்த நான், எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பெயரில் ரத்தம் மன்னிக்கப்பட்டதைப் பார்த்தது அதுதான் முதல்.

ஆனால் அவன் கையை விடவில்லை.

“ஷபானை நான் கொன்னேன். உன் மாமனாரு மன்னிச்சாரு. நீ மன்னிச்சியா?” என்றான்.

“என்ன யாரும் கேக்கலையே.”

“இப்ப நான் கேக்கறேன்.”

மஹியேயின் முகம் கோணியது. அத்தனை வருடமும் வாய்க்கால் தண்ணீர் சிவந்து நாற்றுக்குப் பாய்ந்த அந்தக் காலையை யாரிடமும் சொல்லாமல் அவள் உள்ளேயே வைத்திருந்தாள். அது அவளுடையதல்ல என்று எல்லோரும் சொல்லி அவளும் நம்பியிருந்தாள். இப்போது அது முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது, என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கேயே, ஆண்கள் உட்காரும் விரிப்பில், உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு முடியாது ஸெனெல். நாளைக்கு வா. நாளன்னைக்கும் வா. எப்ப முடியுதோ அப்ப சொல்றேன்.”

வருகிறேன் என்றான் ஸெனெல்.